வழக்கறிஞர் ஒழுங்கு நடவடிக்கை (பெங்களூரு, சிவாஜிநகர்)

வழக்கறிஞர்களின் தொழில்முறைத் தவறுகளை விசாரித்துத் தண்டிக்கும் நடைமுறை இந்தியாவில் இன்று 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆம் பிரிவின்படி நடக்கிறது. சிவாஜிநகர்வாசி ஒருவருக்குத் தம் வக்கீல்மேல் குறை இருந்தால், கர்நாடக மாநில பார் கவுன்சிலுக்கு எழுத வேண்டும். அதன் அலுவலகம் அம்பேத்கர் வீதியில், பழைய கே.ஜி.ஐ.டி. கட்டடத்தில் இயங்கிவந்தது. சிவாஜிநகர் பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.

முன்பு பிளாக்பள்ளி எனப்பட்ட இப்பகுதி பெங்களூரு கன்டோன்மென்ட்டைச் சேர்ந்தது. சென்னை மாகாணப் படைகளோடும் அவற்றை நம்பிய தொழில்களோடும் வந்த தமிழர்கள் இங்கே திரளாகக் குடியேறினர். 1881-இல் மைசூர் அரசு உடையார் வம்சத்திடம் திரும்பியபோது கன்டோன்மென்ட் மட்டும் பிரிட்டிஷ் ரெசிடென்ட்டின் கையிலேயே இருந்தது. 1947-இல்தான் மைசூரிடம் வந்தது. மைசூரின் கீழிருந்த பழைய நகரமான பேட்டைப் பக்கத்து வழக்குகளுக்கு 1884-இல் அமைந்த மைசூர் தலைமை நீதிமன்றம் (1930 முதல் உயர் நீதிமன்றம்) மேல்மன்றமாக இருந்தது. கன்டோன்மென்ட்டில் அந்த அதிகாரம் ரெசிடென்ட்டுடையது. வக்கீலின் சன்னது (தொழில் செய்யும் உரிமம்) எந்த எல்லையில் செல்லும் என்பதையும் இந்தப் பிரிவினையே தீர்மானித்தது. அக்காலத்து ஒழுங்கு நடவடிக்கைகளில் மேல்முறையீடு வரை போனவையே பெரும்பாலும் அச்சேறின.

பிரிட்டிஷ் இந்தியாவில் 1879-ஆம் ஆண்டுச் சட்டப்படி சன்னதைப் பறிப்பதும் திருப்பித் தருவதும் நீதிபதிகள் பொறுப்பு. 1926-இல் பார் கவுன்சில்கள் பிறந்தபின்னும் விசாரணைதான் வழக்கறிஞர்களிடம் வந்தது. முடிவு உயர் நீதிமன்றத்திடமே நின்றது. தமிழர் நினைவில் தங்கிய நிகழ்ச்சி வ.உ.சிதம்பரம் பிள்ளையுடையது. 1908-இல் ராஜத்துரோக வழக்கில் தண்டனை பெற்று, 1912 இறுதியில் சிறையிலிருந்து வந்தவருக்குச் சன்னது இல்லை. பின்னாளில் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் அது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றியை மறவாமல் தம் மகன் ஒருவனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார் வ.உ.சி. இதேபோல் காந்தியை 1922-இல் நீக்கிய லண்டன் பாரிஸ்டர் சங்கமான இன்னர் டெம்பிள், 1988-இல்தான் அவர் பெயரை மீண்டும் சேர்த்தது. அரசியல் குற்றத்துக்குப் பெற்ற தண்டனையைத் தொழில்முறைத் தவறாகக் கொள்ளலாமா என்பதில் அன்றும் ஒத்த கருத்து இருந்ததாகத் தெரியவில்லை.

1961-ஆம் ஆண்டுச் சட்டம் தண்டிக்கும் அதிகாரத்தை நீதிபதிகளிடமிருந்து வழக்கறிஞர்களுக்கு மாற்றியது. மூவர் கொண்ட ஒழுங்குக் குழு விசாரிக்கும். இருவர் கவுன்சில் உறுப்பினர்கள். மூன்றாமவர் வெளியிலிருந்து சேர்க்கப்படும் வழக்கறிஞர். புகாரைத் தள்ளலாம், கண்டிக்கலாம், தொழில் செய்யக் குறிப்பிட்ட காலம் தடை விதிக்கலாம், பட்டியலிலிருந்தே பெயரை நீக்கலாம். மேல்முறையீடு முதலில் இந்திய பார் கவுன்சிலுக்கும், பிறகு உச்ச நீதிமன்றத்துக்கும் போகும். ஓராண்டுக்குள் முடியாத புகார் தானாக இந்திய பார் கவுன்சிலுக்கு மாறும் என்ற 36-பி பிரிவு, இழுத்தடிப்பைத் தடுக்கப் பின்னர் சேர்க்கப்பட்டது. புகார்தாரரின் கண்ணோட்டத்தில் சட்டத்தின் மிக முக்கியமான வரி இதுவே எனலாம்.

இக்காலத்து வழக்குகளில் விரிவாகப் பதிவானது, சென்னை வழக்கறிஞர் ஒருவர்மேல் எழுந்து 1978-இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்த வழக்கு. காது கேளாத முதியவர் ஒருவரும் அவர் மனைவியும் புரோநோட்டின் பேரில் கொடுத்த கடனை வசூலிக்க அந்த வழக்கறிஞரை நம்பினர். அவரோ வழக்கு நடப்பதாகச் சொல்லிப் பொய் வாய்தாத் தேதிகள் கொடுத்து வந்தார். அதற்குள் புரோநோட்டு காலாவதியானது. தமிழ்நாடு பார் கவுன்சில் ஆறு ஆண்டுத் தடை விதித்தது. இந்திய பார் கவுன்சில் அதை ஓராண்டாகக் குறைத்தது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் குற்றத்தை உறுதிசெய்துவிட்டுத் தண்டனைக்குப் புது வடிவம் கொடுத்தார். தடைக் காலத்துக்குப் பின் அந்த வழக்கறிஞர் ஓராண்டு ஏழைகளுக்கு இலவசச் சட்ட உதவி செய்ய வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு 2,500 ரூபாய் கொடுக்க வேண்டும். நீதிபதி ஏ.பி.சென் இதை ஏற்கவில்லை. 35-ஆம் பிரிவில் இல்லாத தண்டனையைப் படைக்க முடியுமா என்ற அவருடைய கேள்வி பின்னரும் சட்ட நூல்களில் விவாதிக்கப்படுகிறது. ஆனாலும் பொதுவாகப் புகார்தாரருக்கு எதுவும் திரும்பாத இந்த நடைமுறையில், அந்த முதியவர் கைக்குப் பணம் போகச் செய்த உத்தரவு தனித்து நிற்கிறது.

கர்நாடக பார் கவுன்சிலில் தொடங்கிய ஒரு வழக்கு உயில் ஒன்றைப் பற்றியது. 1968-இல் எழுதப்பட்ட அந்த உயில், பத்திரமாக இருக்கட்டும் என்று ரசீது பெற்று வழக்கறிஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1982-இல் அதை எழுதியவரின் மருமகன் இரண்டு கடிதங்கள் எழுதிக் கேட்டும் கிடைக்கவில்லை. பதினான்கு ஆண்டுக்குமுன் வாங்கிய அந்த ரசீதே புகாருக்குப் பிடிமானமானது. விதிக்கப்பட்ட ஓராண்டுத் தடையை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. தீர்ப்பு 1994 தொகுப்புகளில் உள்ளது.

நீதிமன்றங்களுக்கும் பார் கவுன்சிலுக்கும் இடையே எல்லைத் தகராறு தீர்ந்தபாடில்லை. 1995-இல் நீதிமன்ற அவமதிப்பு வழக்கில் உச்ச நீதிமன்றமே வழக்கறிஞர் ஒருவருக்கு மூன்றாண்டுத் தடை விதித்தது. 1998-இல் அரசியல் சாசன அமர்வு, தடை விதிப்பது பார் கவுன்சிலின் அதிகாரம் என்றது. 2002-இல் வழக்கறிஞர்களுக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று தீர்ப்பானது. நீதிமன்றப் புறக்கணிப்புகள் அதன்பின்னும் நடந்துவருகின்றன. 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் தானே தடை விதிக்க வகைசெய்த விதிகளை உச்ச நீதிமன்றம் 2019-இல் ரத்து செய்தது.

 2024 மே மாதம், வழக்கறிஞர் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அதனால் நஷ்டஈடு கேட்கும் கட்சிக்காரருக்குச் சிவில் நீதிமன்றமும், தண்டனை கேட்பவருக்கு 35-ஆம் பிரிவுப் புகாரும் வழிகளாக உள்ளன.