காரைநகர்க் கடல்வாயிலும் யானை ஏற்றுமதியும்

ஒரு சரக்கைப் பல போக்குவரத்தாளர் கைமாற்றிச் சேர்ப்பிக்கும் ஒழுங்கினை இன்று கணினி வகுக்கின்றது. காரைநகரின் எதிர்க்கரையான ஊர்காவற்றுறையோ அதனை யானைகளைக் கொண்டு பயின்றது. போர்த்துக்கேயர் அதற்கிட்ட பெயரே ‘யானைத்துறை’ எனப் பொருள்படும்.

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், வன்னியரிடம் யானைகளைத் திறையாகப் பெற்றனர். பிடித்துப் பழக்கியோர், ஆனையிறவு வழியே நடத்தி வந்தோர், விலைக்குக் கொண்ட இந்திய வணிகர், கப்பலோட்டியோர் எனக் கைகள் பல மாறின. பருவக்காற்றுத் தவறின் கப்பல் காத்திருக்கும். யானையோ நாள்தோறும் தீனி வேண்டும்.

இச்சங்கிலியின் முதற்கண்ணி வன்னியரே. அவர்கள் திறையை நிலுவையில் வைத்தபோது துறையிற் கப்பல் நின்றும் பயனில்லை. இரு கரைகளுக்கும் இடையே நிற்கும் கடற்கோட்டை கடல்வாயிலைக் காத்தது. காட்டுவழியைக் காக்க அதனால் இயலவில்லை. துறையை ஆள்வது வேறு, வழி முழுவதையும் ஆள்வது வேறு என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.