பிரான்சுவா அசீல் பசேன் (1811–1888)

பிரெஞ்சுத் தளபதி. கடைநிலைச் சிப்பாயாகப் பட்டாளத்தில் சேர்ந்து மார்ஷல் வரை உயர்ந்தவர். மெட்ஸ் கோட்டையை ஜெர்மானியரிடம் ஒப்படைத்ததற்காக மரண தண்டனை விதிக்கப்பட்டவர். 1811 பிப்ரவரி 13 அன்று வெர்சாயில் பிறந்த பசேன், எகோல் பாலிடெக்னிக் நுழைவுத் தேர்வில் தவறிய பின் 1831-இல் படையில் சேர்ந்தார். அல்ஜீரியாவும் ஸ்பெயினின் கார்லிஸ்ட் போரும் அவரைப் பக்குவப்படுத்தின. கிரிமியப் போரில், 1855-இல் கின்பர்ன் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுத் தரைப்படை அவர் தலைமையில் சென்றது. 1859-இல் சொல்ஃபெரினோவிலும் போரிட்டார்.

பிரான்ஸ் படையெடுத்த மெக்சிகோவில்தான் அவர் பெயர் பரவியது. 1863 மே மாதம், முற்றுகையிலிருந்த புவெப்லாவை மீட்க வந்த மெக்சிகோப் படையை சான் லோரென்சோவில் முறியடித்தார்; சில நாட்களில் புவெப்லா வீழ்ந்தது. அதே ஆண்டு தலைமைத் தளபதி, மறு ஆண்டு மார்ஷல். 1867-இல் படையைத் திரட்டிக்கொண்டு நாடு திரும்பினார். பிரான்ஸ் அங்கே அரியணையேற்றிய மாக்சிமிலியன் சில மாதங்களில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

பிரஷ்யாவுடன் போர் மூண்டிருந்த 1870 ஆகஸ்ட் 12 அன்று பேரரசர் மூன்றாம் நெப்போலியன் ரைன் படையை அவரிடம் ஒப்படைத்தார். அதற்கு முன் அவ்வளவு பெரிய சேனையை அவர் நடத்தியதே இல்லை. ஆகஸ்ட் 16, மார்ஸ்-லா-தூரில் எதிரே நின்ற பிரஷ்யர் எண்ணிக்கையில் மிகக் குறைவு. முன்னேறியிருந்தால் மேற்கே வெர்தூனுக்கு வழி கிடைத்திருக்கும். மெட்ஸோடு தொடர்பு அறுந்துவிடும் என்றஞ்சி அவர் அந்த வாய்ப்பை விட்டார். ஆகஸ்ட் 18, சாங்-பிரிவாவில் வலது முனையைக் காத்த கான்ரோபேர் உதவி கேட்டபோது, பேரரசுக் காவற்படை பின்னாலேயே நின்றது. அன்று பிரஷ்யருக்கே சேதம் அதிகம். என்றாலும் பசேன் மெட்ஸ் கோட்டைக்குள் பின்வாங்கினார். அங்கே முற்றுகையில் குதிரைகளைத் தின்று நாட்களைக் கடத்திய படை, அக்டோபர் 27-இல் சரணடைந்தது. சுமார் 1,70,000 பேர் சிறைப்பட்டனர்.

1873-இல் ஓமால் பிரபு தலைமையில் ராணுவ நீதிமன்றம் கூடியது. மூன்றாம் நெப்போலியனின் பேரரசு கவிழ்ந்த பின் தான் கட்டுப்பட அரசு ஏதும் இல்லை என்று பசேன் வாதிட, பிரான்ஸ் இருந்ததே என்று பிரபு திருப்பிக் கேட்டார். டிசம்பர் 10 அன்று விதித்த மரண தண்டனையை இருபது ஆண்டுச் சிறையாகக் குறைத்தவர் குடியரசுத் தலைவர் மக்மஹோன். அதே போரில் செடானில் தோற்ற படையின் தளபதியும் இவரே! 1874 ஆகஸ்டில் பசேன் சாந்த்-மார்கெரித் தீவுச் சிறையிலிருந்து தப்பினார். 1888 செப்டம்பர் 23 அன்று மாட்ரிட்டில் வறுமையில் இறந்தார்.

துரோகி என்ற பட்டம் அவர் தகுதிக்கு மீறியது. மார்ஸ்-லா-தூரில் எதிரிக் குதிரைப்படையின் நடுவிலேயே சிக்கிக்கொண்ட அந்த மனிதரைக் கோழை என்று சொல்லவும் முடியாது. படைப்பிரிவை நடத்தத் தெரிந்தவர். ஒரு நாட்டின் சேனையை நடத்தும் திறன் அவரிடம் இல்லை. அந்தப் பொறுப்பை அவரிடம் கொடுத்தவர்களுக்கும் இந்தத் தோல்வியில் பங்குண்டு.