பச்சை போகாத பட்டாணி

1865, பிப்ரவரி 8. பிர்னோ நகரத்தில் (அன்று ஆஸ்திரியப் பேரரசு, இன்று செக் குடியரசு) இயற்கை ஆய்வுக் கழகத்தின் கூட்டம். பேச எழுந்தவர் கிரிகோர் மெண்டல் என்ற துறவி. பேசிய விஷயம்? பட்டாணி! மார்ச் 8-ம் தேதி மிச்சத்தையும் பேசி முடித்தார்.

1856-லிருந்து எட்டு வருஷம் மடத்துத் தோட்டத்தில் மனிதர் செய்த வேலை அது. மஞ்சள் பட்டாணியையும் பச்சைப் பட்டாணியையும் கலந்தார். பிறந்தது எல்லாமே மஞ்சள். சரி, பச்சை ஒழிந்தது என்று விட்டுவிடவில்லை. அந்த மஞ்சளையே மறுபடி விதைத்தார். கிடைத்த 8023 பட்டாணிகளையும் உட்கார்ந்து எண்ணினார். 6022 மஞ்சள், 2001 பச்சை. கிட்டத்தட்ட மூன்றுக்கு ஒன்று! காணாமல் போன பச்சை, ஒரு தலைமுறை ஒளிந்திருந்து திரும்பியிருக்கிறது.

1866-ல் கட்டுரை அச்சானது. கண்டுகொள்ள ஆளில்லை. 1884-ல் மெண்டல் இறந்துபோனார். 1900-ல்தான் உலகம் அவரைத் தேடி எடுத்தது. மரபியல் என்ற விஞ்ஞானமே அதிலிருந்து கிளம்பியது.

அதெல்லாம் சரி, பச்சைப் பட்டாணி ஏன் பச்சை?

இங்கேதான் வேடிக்கை. எல்லாப் பட்டாணியும் பிஞ்சில் பச்சைதான். முற்றும்போது பச்சையம் சிதைய, அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. ஆக, கேட்க வேண்டிய கேள்வி, சில பட்டாணிகளில் பச்சை ஏன் போகவில்லை என்பதுதான்.

பச்சைய மூலக்கூறின் நடுவில் ஒரு மக்னீசிய அணு உட்கார்ந்திருக்கிறது. முதலில் அதைக் கழற்றியாக வேண்டும். அப்புறம் வேறு என்சைம்கள் வந்து வால் பகுதியை வெட்டி, வளையத்தை உடைத்து, நிறமே இல்லாத பொருளாக்கிவிடும். இலை பழுக்கும்போதும் நடப்பது இதேதான். பச்சையத்தைச் சும்மா விட்டு வைத்தால், வெளிச்சம் பட்டு செல்லுக்கே ஆபத்து. அதைப் பிரித்தால்தான், கூடவே இருக்கும் புரதங்களின் நைட்ரஜனைச் செடி மீட்டு விதைக்கு அனுப்ப முடியும்.

மெண்டலின் விதைகள் எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் அதே குணமுள்ள ரகங்கள் இருக்கின்றனவே! 2007-ல் பிரிட்டன் விஞ்ஞானிகள், காய்ந்தும் பச்சை மாறாத ஒரு புல்லைத் துருவிக்கொண்டு போய், பட்டாணியில் அந்த மரபணுவைப் பிடித்தார்கள். அதே வருஷம் ஜப்பானியர்களும் பிடித்தார்கள். பச்சைப் பட்டாணியில் அந்த மரபணு பழுது. ஆனால் அது செய்யும் வேலை என்ன? 2016-ல் ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகம் விடை சொன்னது: மக்னீசியத்தைக் கழற்றும் என்சைமே அதுதான்!

அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால், கழற்ற ஆளில்லை. பட்டாணி பச்சையாகவே நிற்கும். ஒரு நல்ல பிரதி இருந்தாலே போதும், மஞ்சள். மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கின் ரகசியம் இவ்வளவுதான்.

கட்டுரை அச்சாகி விடை வர சரியாக 150 வருஷம். மெண்டலிடம் மரபணு என்ற வார்த்தைகூடக் கிடையாது. பொறுமையாக எண்ணத் தெரிந்திருந்தது. அந்த எண்ணிக்கையில் இன்றுவரை மாற்றமில்லை.