ஒற்றி நிலமும் தேசவழமையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண்ணிலே ஒரு தோட்டத்தைப் பக்குவப்படுத்துவது ஒரு நாளில் முடியும் காரியமன்று. பூவரசங் குழையை வெட்டித் தாழ்க்க வேண்டும். ஆட்டுப்பட்டி அடைக்க வேண்டும். முன்னாளிலே துலா மிதித்துத் தண்ணீரும் இறைக்க வேண்டியிருந்தது. இவ்வளவையும் பிறன் நிலத்திற் செய்த ஒருவனை, பயிர் விளையுமுன்னே, "இதோ உன் பணம், நிலத்தை விடு" என்று நிலத்துக்காரன் வெளியேற்றினால் அவன் கதி யாது? ஒற்றி என்னும் வழக்கத்தோடு கூடப் பிறந்த கேள்வி இது.

ஒற்றியிலே பணம் கொடுத்தவன் நிலத்தைக் கையேற்கிறான். வட்டி கிடையாது, நிலத்தின் பலனே வட்டி. முதல் திரும்பும்போது நிலமும் திரும்பும். ஆட்சி ஒருவனுடையது, உழைப்பு மற்றவனுடையது. இப்படிப்பட்ட உறவிலே வலியவன் பக்கம் நியாயம் சாய்ந்துவிடுவது எளிது.

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், நாட்டு வழக்குகளைத் தீர்க்க நாட்டு வழமையை அறிய வேண்டியவராயினர். தேசாதிபதி சைமன்சின் கட்டளைப்படி, இங்கே நெடுங்காலம் உத்தியோகம் பார்த்த திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் அவ்வழமைகளைத் திரட்டி 1707இல் ஒப்படைத்தார். அது தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு, பன்னிரண்டு முதலிமார் பார்த்து ஒப்புக்கொண்ட பின்னரே சட்டமாயிற்று. அதுதான் தேசவழமை. அடிமைகளையும் உடைமையாக எண்ணிய நூல் அது என்பதை மறைப்பதற்கில்லை. இலங்கையில் அடிமைத்தனம் 1844இலேதான் முற்றாக ஒழிந்தது. ஆயினும் ஒற்றி பிடித்தவன் விஷயத்தில் அந்நூல் காட்டிய கவனம் பெரிது.

நிலத்துக்காரன் நினைத்த நேரத்தில் ஒற்றியை மீட்க அந்நூல் இடங்கொடுக்கவில்லை. மீட்கும் எண்ணத்தை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். பலனை எடுத்த பின், அடுத்த போகத்துக்கு எரு இடுமுன் மீட்க வேண்டும். வரகு நிலத்துக்கு ஒரு பருவம், நெல் வயலுக்கு ஒரு பருவம், பனைக்கு ஒரு பருவம் என்று காலமும் வகுக்கப்பட்டிருந்தது. இவ்விதியை ஏட்டறிவு மாத்திரம் உள்ளவர்கள் வகுத்திருக்க முடியாது; வயல் வரம்பிலே நின்றவர்களின் வழக்கமே இது.

மற்றோர் உரிமையும் உண்டு. நிலத்தை விற்க எண்ணுபவன் முதலில் உரித்தாளிக்கும் பங்காளிக்கும், அந்நிலத்தை ஒற்றியாக வைத்திருக்கும் அயற்காணிக்காரனுக்கும் அறிவித்தாக வேண்டும். தூரத்தில் இருப்பவனுக்குத் தவணை நீளும். அறிவியாது விற்றால் வழக்குத் தொடரலாம். நட்டஈடென்று சில காசைப் பெற்றுத் திரும்புவதற்கான வழக்கன்று அது. விற்பனையைத் தள்ளுபடி செய்வித்து, விலையைக் கொடுத்து, நிலத்தையே தனதாக்கிக் கொள்வதற்கான வழக்கு. செம்மண்ணின் அருமை தெரிந்தவர்களுக்கு இவ்வேற்றுமை விளங்கும்.

1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் ஆங்கிலேயரும் தேசவழமைக்குப் பூரண வலுக் கொடுத்தனர். ஆனால் அயலான் எப்பொழுது வந்து வழக்காடுவானோ என்ற ஐயம் காணி வாங்குவோரைத் தொடர்ந்தது. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அந்த ஐயத்தைக் குறைத்தது: முதலில் வாங்கும் உரிமை கூட்டுச் சொந்தக்காரருக்கும், விற்பவன் மரணசாசனமின்றி இறந்தால் உரித்தாளிகளாக வரக்கூடியவர்களுக்கும் மாத்திரமே என்று வரையறுத்தது.

வாங்குபவனுக்கு அது நிம்மதி. குழை தாழ்த்த அயலானுடைய பெயரோ அந்த நிரலிலே இடம்பெறவில்லை. அவன் கையில் இருந்த தோட்டம் விலைப்படும்போது, ஒற்றிப் பணத்தின்மேல் அவனுக்குப் பாத்தியம் உண்டு. முதலில் தன்னைக் கேட்டிருக்க வேண்டும் என்று நீதிமன்றில் நிற்க இடமில்லை.