பத்திரிகையும் சுவரும்: சிக்காகோ தென்பகுதியின் மக்கள் தொடர்புசாதனங்கள் பற்றிய ஒரு நோக்கு

வெகுசனத் தொடர்புசாதனங்களையும் பொதுவிடக் கலையையும் வெவ்வேறு துறைகளாகக் கொண்டு ஆராய்வது வழமையாகிவிட்டது. பத்திரிகை வரலாறு எழுதுவோர் சுவரோவியத்தைத் தொடுவதில்லை. ஓவிய வரலாறு எழுதுவோர் பத்திரிகையைப் பொருட்படுத்துவதில்லை. ஆயின், இரண்டும் ஒரே நகர்ப்புற மக்களின் வாழ்க்கைப் போராட்டத்தினடியாகத் தோன்றும்பொழுது, அவற்றை இணைத்து நோக்காது அவற்றின் சமூகப் பணியை விளங்கிக்கொள்ளல் அரிது. ஐக்கிய அமெரிக்காவின் சிக்காகோ நகரத் தென்பகுதியில் வாழ்ந்த கறுப்பின மக்களின் அனுபவம் இதற்குத் தக்க சான்றாகும்.

1

1910இல் அந்நகரில் வாழ்ந்த கறுப்பின மக்கள் ஏறத்தாழ 44,000 பேர். 1930இல் அத்தொகை ஏறத்தாழ 234,000 ஆயிற்று. தென் மாநிலங்களின் குத்தகைப் பயிர்ச்செய்கை முறையும் இனவெறிக் கொலைகளும் அவர்களை வெளியே தள்ளின. முதலாம் உலகப் போரினால் ஐரோப்பியக் குடிவரவு தடைப்பட, இறைச்சி பதனிடும் சாலைகளும் உருக்காலைகளும் புதிய உழைப்பாளரை வேண்டி நின்றன. அவர்தம் உழைப்பை ஏற்றுக்கொண்ட நகரம் அவர்களை அயலவராக ஏற்க மறுத்தது. கறுப்பினத்தவர்க்கு வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாதெனும் உடன்படிக்கைகள், தென்பகுதியின் ஒடுங்கிய நிலப்பரப்பினுள் அவர்களை நெருக்கின.

இக்குடிப்பெயர்ச்சியின் குரலாக அமைந்தது, றொபேட் அபொட் 1905இல் தொடங்கிய ‘சிக்காகோ டிபென்டர்’ பத்திரிகையாகும். 300 பிரதிகளுடன் ஆரம்பித்த இவ்வேடு தென் மாநிலங்களுக்குப் பரவிய முறை விதந்து கூறத்தக்கது. புல்மன் புகையிரதப் பெட்டிகளிற் பணிபுரிந்த கறுப்பினத் தொழிலாளர் அதனைக் கட்டுக்கட்டாகக் கொண்டுசென்று சேர்ப்பித்தனர். முடிதிருத்தும் நிலையங்களிலும் தேவாலயங்களிலும் ஒரு பிரதி பலரிடம் கைமாறியது; எழுத்தறியாதோர்க்கு உரத்து வாசிக்கப்பட்டது. கொலைச் செய்திகளோடு வேலைவாய்ப்பு விபரங்களும் புகையிரத நேரங்களும் அதில் இடம்பெற்றன. வாசகர் அதனை வழிகாட்டியாகக் கொண்டே வடக்கு நோக்கிப் புறப்பட்டனர்.

எனினும், இதன் முரண்பாடும் மனங்கொள்ளத்தக்கது. 1925இல் அதே புகையிரதத் தொழிலாளர் பிலிப் ராண்டொல்ப் தலைமையில் சங்கம் அமைத்தபொழுது ‘டிபென்டர்’ அவர்களுக்கு எதிராக நின்றது. 1927இலேயே அது தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது. தன்னைச் சுமந்து பரப்பிய தோள்களையே அது ஈராண்டுகள் கைவிட்டது. இதற்கு அபொட்டின் குணவியல்பிற் காரணந் தேடுவது பயனற்றது. இன ஒடுக்குமுறைக்கு எதிராக உரத்தொலித்த குரல், உடைமை வர்க்க நலனின் எல்லையை அடைந்ததும் தயங்கியது என்பதே உண்மை.

2

1967 ஓகஸ்ட் மாதத்தில் சிக்காகோவில் இரு கலைப் படைப்புகள் திறந்துவைக்கப்பட்டன. 15ஆந் திகதி நகர மத்தியில், மேயர் டேலி முன்னிலையில், பிக்காசோவின் 50 அடி உயரமான உருக்குச் சிற்பம் திரை நீக்கஞ் செய்யப்பட்டது. 27ஆந் திகதி தென்பகுதியின் 43ஆம் வீதியும் லாங்லி அவெனியூவும் சந்திக்குமிடத்தில், நகரப் புனரமைப்பின் பெயரால் இடிபடக் காத்திருந்த பழங்கட்டடமொன்றின் சுவரில் ‘மதிப்பின் சுவர்’ எனும் ஓவியம் மக்களுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கவிஞர் குவென்டொலின் புறூக்ஸ் இரண்டிலும் கவிதை படித்தார். இளமையில் ‘டிபென்டர்’ பத்திரிகையிற் கவிதை எழுதிய அவர், பின்னர் இவ்விரு கவிதைகளையும் அருகருகே வைத்து நூலில் வெளியிட்டமை அக்காலத்தின் முரணை நன்கு புலப்படுத்துகிறது.

வில்லியம் வோக்கர் முதலிய ஓவியர்களும் புகைப்படக் கலைஞர்களும் ஓர் அமைப்பாகக் கூடி இச்சுவரை ஆக்கினர். மல்கம் எக்ஸ், டு போய்ஸ், முகமது அலி, ஜோன் கொல்றேன் எனச் சுமார் ஐம்பது பேரின் உருவங்கள் அதில் இடம்பெற்றன. மார்ட்டின் லூதர் கிங் இடம்பெறவில்லை. யாரை ஏற்பது, யாரை விடுவது என்பது அயலவரும் பங்குகொண்ட விவாதமாயிற்று. சுவரோடு நின்ற பத்திரிகைக் கடையும் ஓவியத்தின் பகுதியாகியது. அங்கு கூட்டங்கள் நடந்தன. உருவங்கள் அழிக்கப்பட்டு, நிகழ்வுகளுக்கேற்ப மீள வரையப்பட்டன. அவ்வகையில் இச்சுவர் செய்தித்தாளின் பணியையும் ஆற்றியது எனலாம். ஆயின், ஒருவர் வரைந்த பகுதியை இன்னொருவர் அழித்து வரைந்தமை ஆக்கியோரிடையே பிளவையும் ஏற்படுத்தியது. கூட்டுப் படைப்பு என்பது கூட்டு முடிவுக்குரிய ஒழுங்குமுறைகளையும் வேண்டி நிற்பது என்பதை இது உணர்த்துகிறது.

3

1971இல் அக்கட்டடம் தீயினாற் பாதிக்கப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டது. பிக்காசோவின் சிற்பம் இன்றும் நிற்கிறது. ‘டிபென்டர்’ 2019 யூலையில் அச்சுப் பதிப்பை நிறுத்தியது. ஒன்று நிலைப்பதும் மற்றொன்று அழிவதும் கலைத்தரத்தைப் பொறுத்தனவல்ல; நிலமும் மூலதனமும் யாரிடம் உள்ளன என்பதைப் பொறுத்தன. சுவரில் எழுந்த கருத்து மக்களுடையதாயிருந்தது, சுவரோ பிறருடையதாயிருந்தது.

ஆயினும், அழிந்த சுவர் பயனற்றுப் போகவில்லை. வோக்கரும் வேறு சிலரும் 1970இல் சிக்காகோ சுவரோவியக் குழுவை அமைத்தனர். ஏனைய நகரங்களிலும் தொழிலாளர் குடியிருப்புகளின் சுவர்கள் பேசத் தொடங்கின. எனவே, மக்கள் தொடர்புசாதனமொன்றை மதிப்பிடும்பொழுது அதன் உள்ளடக்கத்தை மாத்திரம் நோக்குதல் போதாது. அதனைச் சுமந்து பரப்புவோர் யார், அதனைத் திருத்தும் உரிமை யாருக்குண்டு, அது நிற்கும் நிலம் யாருடையது என்னும் வினாக்களையும் எழுப்புதல் வேண்டும். அவ்வினாக்களைத் தவிர்க்கும் கலை வரலாறு, உடைமையாளரின் வரலாறாகவே முடியும்.