பதின்மூன்றாயிரமும் ஐந்தரை லட்சமும்

2020 டிசம்பரில் சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி மாணவர்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். கேட்டது ஒன்றுதான்: எங்கள் கல்லூரி சேர்ந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நடத்துவது அரசு என்றால், அரசுக் கல்லூரிக் கட்டணத்தை வாங்குங்கள். சென்னையிலோ மதுரையிலோ அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படிப்பவர் அப்போது ஆண்டுக்குச் சுமார் 13,600 ரூபாய் கட்டினார். சிதம்பரத்தில் படித்தவர் கட்டியதோ சுமார் ஐந்தரை லட்சம். ஏறத்தாழ நாற்பது மடங்கு. பாடத்திட்டம் ஒன்றே, வார்டில் படுத்திருந்த நோயாளிகளும் அதே எளிய மக்களே.

இந்த நாற்பது மடங்கு எங்கிருந்து வந்தது என்று பார்க்க, மருத்துவப் படிப்புக்கு மாணவர் கையில் அரசே பணம் கொடுத்த காலத்திலிருந்து தொடங்க வேண்டும். அப்படியும் ஒரு காலம் இருந்தது.

1835 பிப்ரவரியில், சர் ஃபிரெடரிக் ஆடம் கவர்னராக இருந்தபோது, சென்னைப் பொது மருத்துவமனையை ஒட்டி ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கியது. அதே ஆண்டில் கல்கத்தாவிலும் ஒன்று தொடங்கியது. கல்கத்தாவில் சேர்ந்த மாணவர்களுக்கு மாதம் 7 ரூபாய் உதவித்தொகை. அது படிப்படியாக 12 ரூபாய் வரை உயரும். சென்னையிலும் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவப் பணிக்கான பயிற்சி ஆட்களாகத்தான் மாணவர்கள் சேர்க்கப்பட்டார்கள். இதைத் தருமம் என்று எண்ண வேண்டியதில்லை. பட்டாளத்துக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் மருந்து கலக்கவும் கட்டுப் போடவும் ஆள் வேண்டும். இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வரும் சர்ஜனுக்குச் சம்பளம் அதிகம். உள்ளூர்ப் பையனுக்குச் சில ரூபாய் கொடுத்துப் பழக்குவது கம்பெனிக்கு லாபக் கணக்கு.

1850இல் சென்னைப் பள்ளி கல்லூரி ஆனது. 1875இல் மேரி ஷார்லிப் உள்ளிட்ட நான்கு பெண்களுக்கு அங்கே இடம் கிடைத்தது. பட்டம் என்று வந்ததும் படிப்பின் ஆண்டுகள் நீண்டன, செலவும் ஏறியது. நீண்ட படிப்பைத் தாங்க முடியாத குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு வழி இருந்தது: எல்.எம்.பி. ராயபுரம் போன்ற இடங்களின் மருத்துவப் பள்ளிகளில் குறைந்த ஆண்டுகளில் முடித்துவிட்டு உரிமம் வாங்கலாம். சிற்றூர்களில் ‘டாக்டர் ஐயா’ என்று ஊரே கும்பிட்ட பலர் எல்.எம்.பி.க்காரர்கள்தான். நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்து 1946இல் வந்த ‘போர்’ (Bhore) குழு அறிக்கை, நாட்டில் இருந்த 47,524 டாக்டர்களில் 29,870 பேர் இப்படி உரிமம் பெற்றவர்கள் என்று கணக்குச் சொன்னது. அதே அறிக்கை, இனி ஒரே தரத்து டாக்டர்தான், எல்.எம்.பி. வேண்டாம் என்றது. குழுவுக்குள்ளேயே அதற்கு எதிர்ப்பு இருந்தது. தரம் உயர்ந்தது உண்மை; மலிவான கதவு மூடப்பட்டதும் உண்மை.

மூடிய கதவுக்கு ஈடாக மாநில அரசு செய்தது, முழுப் படிப்பையே மலிவாக்கியதுதான். 1954இல் மதுரை, 1965இல் திருநெல்வேலி, 1966இல் கோவை என்று கல்லூரிகள் எழுந்தன. மாணவர் கட்டியது பெயருக்கு ஒரு தொகை, மீதி வரிப்பணம். தமிழ்நாட்டில் ஆட்சிகள் மாறியபோதும் பெரிதாக மாறாத ஏற்பாடுகளில் இதுவும் ஒன்று. நீண்ட காலம் கல்விக் கட்டணம் சில ஆயிரங்களைத் தாண்டவில்லை.

மடை உடைந்தது 1985இல். போரூர் ராமச்சந்திரா, கோவை பி.எஸ்.ஜி., சிதம்பரம் ராஜா முத்தையா மூன்றும் அந்த ஆண்டில் தொடங்கியவை. சுயநிதிக் கல்லூரிகளில் டாக்டர் உருவாகும் காலம் இங்கே அப்போதுதான் வேரூன்றியது. கர்நாடகம் இதில் முந்திக்கொண்டிருந்தது. அங்கே என்ன விலை என்பது 1992இல் மோகினி ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன்னால் வந்தது. ஒரே கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு மாணவருக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய், கர்நாடக மாணவருக்கு 25,000, வெளிமாநிலத்தவருக்கு 60,000. நன்கொடை வசூலைத் தடுக்கத் தமிழ்நாடும் அதே 1992இல் சட்டம் போட்டது. சட்டத்துக்குப் பிறகும் மேசைக்கடியில் பணம் கைமாறியது என்பது ஊரறிந்த ரகசியம்.

சிதம்பரத்தின் சிக்கல் வேறு வகை. 1929இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் நிறுவிய பல்கலைக்கழகம் பணநெருக்கடியில் சிக்க, 2013இல் தமிழக அரசு தனிச்சட்டம் இயற்றி அதை எடுத்துக்கொண்டது. நிர்வாகம் அரசின் கைக்கு வந்தது. கட்டணம் மட்டும் பழைய இடத்திலேயே நின்றது. கல்லூரியைச் சுகாதாரத் துறையின் கீழ் கொண்டுவராமல், உயர்கல்வித் துறையின் பல்கலைக்கழகத்துக்குள் விட்டுவைத்ததுதான் காரணம். துறை மாறவில்லை, அதனால் விலை மாறவில்லை. ஏழு ஆண்டுகள் இந்த வினோதம் நீடித்தது. பெயர்ப்பலகையில் அரசு, ரசீதில் தனியார்.

பெருந்துறையிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். போக்குவரத்துத் துறையின் சாலைப் போக்குவரத்து நிறுவனம் நடத்திய மருத்துவக் கல்லூரியைச் சுகாதாரத் துறை எடுத்துக்கொண்ட பிறகும், கட்டணத்தைக் குறைக்கக் கோரி மாணவர்கள் குரல் எழுப்ப வேண்டியிருந்தது.

சிதம்பரம் போராட்டம் ஐம்பது நாள்களைத் தாண்டியது. விடுதியைக் காலி செய்யச் சொன்னபோதும் மாணவர்கள் நகரவில்லை. 2021 ஜனவரி இறுதியில் கல்லூரியைச் சுகாதாரத் துறைக்கு மாற்றி அரசாணை வந்தது. கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி ஆனது. கட்டணம் எவ்வளவு என்று அந்த ஆணை சொல்லவில்லை என்பதால் மாணவர்கள் அப்போதும் எழுந்துபோகவில்லை. பிப்ரவரியில் அதற்கும் தனி ஆணை வந்த பிறகே கலைந்தார்கள். கோப்புகளின் சூட்சுமம் தெரிந்த பிள்ளைகள்!

இப்படிக் குறைந்த கட்டணத்தில் படிக்க வைக்க அரசு சுமக்கும் தொகை எவ்வளவு பெரியது என்பதற்கு ஓர் அளவு உண்டு. 2022 ஜனவரியில் விருதுநகர், அரியலூர், ராமநாதபுரம் உட்பட 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து போட்ட பணம் சுமார் 4,000 கோடி. கிடைத்த இடங்கள் ஆண்டுக்கு 1,450. வகுத்தால், ஆண்டுதோறும் சேர்க்கும் ஓர் இடத்தை உருவாக்கவே இரண்டே முக்கால் கோடி. சம்பளமும் மருந்தும் தனிக்கணக்கு.

ஆனால் வாசலுக்கு உள்ளே செலவு குறைந்த அதே காலத்தில் வாசலுக்கு வெளியே ஏறிவிட்டது. பிளஸ் டூ மதிப்பெண்ணை மட்டும் வைத்து நடந்த சேர்க்கை 2017இல் அகில இந்திய நுழைவுத் தேர்வான நீட்டுக்கு மாறியது. நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் தந்த அறிக்கையின்படி, சேர்க்கை பெற்றவர்களில் ஏற்கெனவே பள்ளி முடித்து மறுமுறை முயன்றவர்கள் 2016-17இல் 12.47 சதவீதம், 2020-21இல் 71.42 சதவீதம். மறுமுறை என்றால் பெரும்பாலும் பயிற்சி மையக் கட்டணம், விடுதி, ஓராண்டு வருமானமில்லாக் காத்திருப்பு. அதைக் கூலிக்காரர் வீடு எப்படித் தாங்கும்?

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது இதனால்தான். முதல் கலந்தாய்விலேயே ஒரு முடிச்சு விழுந்தது: தனியார் கல்லூரியில் இடம் கிடைத்த சிலர், கட்டப் பணமில்லாமல் இடத்தை விட்டுக்கொடுத்தார்கள். அதன் பிறகே கட்டணத்தை அரசே ஏற்கும் என்று அறிவிப்பு வந்தது. முன்பே யோசித்திருக்க வேண்டிய விஷயம்.

நீட்டிலிருந்து விலக்குக் கேட்டு 2021 செப்டம்பரில் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2022 பிப்ரவரியில் அதே மசோதா மீண்டும் நிறைவேறி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்காகக் காத்துக் கிடந்தது. ஒப்புதல் மறுக்கப்பட்டுவிட்டதாக 2025 ஏப்ரலில் முதல்வர் மு.க. ஸ்டாலின் பேரவையில் தெரிவித்தார்.