நாமக்கல் கோட்டைக்கு ஒரு நாள்

பேளுக்குறிச்சியில் விழித்தெழும் எவருக்கும் முதலில் கண்ணில் படுவது கொல்லிமலைதான். ஊருக்குக் கிழக்கே நெடுஞ்சுவர்போல் நிற்கும் அம்மலையை ஏறிக் கடந்த பிறகே கதிரவனும் ஊருக்குள் வருகிறான். அவ்வூரிலிருந்து எங்கள் கல்லூரிக்கு வரும் மாணவர் ஒருவர், புறநானூற்று வகுப்பு முடிந்து நாங்கள் வெளியேறும் வேளையில் கேட்டார்: "ஐயா, ஓரியோட கோட்டை எங்க இருந்துச்சு? ஒரு நாள் போய்ப் பார்த்துட்டு வரலாமா?"

எளிய கேள்விதான். விடை சொல்ல எங்களுக்கு இரண்டு வாரங்கள் ஆயின. அந்த இரண்டு வாரங்களின் விளைவே இங்கே எழுதும் பயணத் திட்டம்.

தயங்கியதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் குழு ஒன்றை நாமக்கல்லுக்கு அழைத்துச் சென்றோம். பேருந்து நிலையத்தருகே நின்று, பாறையுச்சியில் தெரிந்த மதிலைச் சுட்டி, "திப்பு சுல்தான் கட்டிய கோட்டை" என்று சொல்லிவிட்டோம். ஊரார் பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள், நாங்களும் சொன்னோம். மாணவி ஒருவர் அதை அப்படியே பயணக் கட்டுரையாக்க, அது கல்லூரி ஆண்டு மலரிலும் அச்சேறிவிட்டது. வாயால் சொன்ன பிழை காற்றோடு போய்விடும். அச்சில் ஏறிய பிழைக்கோ மேற்கோள் காட்ட ஆள் வந்துவிடும். இம்முறை அந்தத் தவற்றைச் செய்யக்கூடாது என்பதே எங்கள் முதல் தீர்மானம்.

முதலில் ஓரியைப் பார்ப்போம். வன்பரணர் அவனைப் பாடியிருக்கிறார். கழைதின் யானையாரும் பாடியிருக்கிறார். ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி எனத் துளைத்துச் சென்று உடும்பில் தைத்த காட்சியைத் தமிழ் படித்த எவரும் மறப்பதில்லை. ஆனால் இந்தப் பாடல்களை மதிலுக்காகத் துழாவினால் கை வெறுங்கையாகவே திரும்புகிறது. காடு இருக்கிறது, வேட்டை இருக்கிறது, கொடை இருக்கிறது. கோட்டையைக் காணோம்.

நற்றிணையில் கபிலர் பாடல் ஒன்று (320) இருக்கிறது. ஓரியைக் கொன்றபின் காரி அவன் ஊரின் பெருந்தெருவுக்குள் நுழைய, அங்கே எழுந்த ஆரவாரத்தைக் கபிலர் ஓர் உவமையாக்குகிறார். பரத்தை ஒருத்தி தெருவில் நடந்தபோது ஊரில் எழுந்த அலருக்குத்தான் அந்த உவமை! ஒரு குறுநில மன்னனின் வீழ்ச்சி அகப்பாடலின் ஓரத்தில் இப்படி ஒதுங்கியிருப்பதை நாங்கள் மூவரும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். ஆக, ஓரியின் ஊரைப் பற்றி நம் கைக்குக் கிடைப்பது ஒரு தெரு; அதில் எழுந்த ஓசை. காரி அவனைக் கொன்று கொல்லியைச் சேரருக்குக் கொடுத்த செய்தியை அகநானூற்றில் (209) கல்லாடனார் சொல்கிறார். செம்மேட்டில் ஓரியின் சிலை நிற்கிறது. ஆடி மாதத்தில் அரசு விழாவும் நடக்கிறது. அவற்றைக் காணலாம். கோட்டையைக் காட்ட இயலாது. இதை மாணவரிடம் சொன்னபோது அவர் முகம் சற்று வாடியது உண்மை.

"அப்ப வேற ஏதாவது கோட்டை?" என்றார்.

சங்ககிரியா, நாமக்கல்லா என்று எங்களுக்குள் வழக்கு எழுந்தது. சங்ககிரி பெரிய மலைக்கோட்டை. வாயில் வாயிலாகக் கடந்து ஏறவேண்டும். தீரன் சின்னமலை 1805இல் தூக்கிலிடப்பட்ட இடம். அதற்கு ஒரு முழுநாளும் திடமான முழங்கால்களும் தேவை. எங்களில் ஒருவருக்கு இரண்டாவது இல்லை. நாமக்கல்லைத் தேர்ந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. பேளுக்குறிச்சி இன்று சேந்தமங்கலம் வட்டத்தைச் சேர்ந்தது. நாமக்கல் கோட்டையோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர்களுள் ஒன்று சேந்தமங்கலம் பாளையக்காரர் இராமச்சந்திர நாயக்கர். நம் மாணவர் பார்க்கப்போவது, ஒருவகையில், தம் வட்டாரத்தின் கோட்டையையே.

ஆகவே காளப்பநாயக்கன்பட்டி, சேந்தமங்கலம் வழியாக நாமக்கல் செல்வது என்று முடிவாயிற்று. சேந்தமங்கலத்தில் பத்து நிமிடமாவது இறங்கி நிற்கவேண்டும் என்பது எங்கள் வற்புறுத்தல். கோட்டையைப் பார்க்குமுன் அதைக் கட்டியதாகச் சொல்லப்படுபவர் இருந்த ஊரில் தேநீர் குடிப்பது நல்ல தொடக்கம் அல்லவா?

அடுத்த சிக்கல் வரிசை. காலமுறைப்படி பார்த்தால் 8ஆம் நூற்றாண்டுக் குடைவரைகள் முதலில், கோட்டை பின்னர். வெயில்முறைப்படி பார்த்தால் கோட்டை முதலில். நிழலற்ற மொட்டைப் பாறையில் நண்பகலில் ஏறுவது தண்டனை. கோயில்களோ நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். கடைசியில் வெயிலும் வரலாறும் சமரசத்துக்கு வந்தன. முதலில் கிழக்குச் சரிவிலுள்ள அரங்கநாதர் குடைவரை. காலை வெளிச்சம் விழும் பக்கம் அது. அங்கிருந்து கோட்டை. இறங்கியபின், நடை சாத்துமுன், மேற்கே நரசிம்மர் குடைவரை. திறப்பு நேரங்களை முதல் நாளே விசாரித்துக்கொள்ளும் பொறுப்பு மாணவருடையது.

அரங்கநாதர் குடைவரையில்தான் நாங்கள் மிகுதியான நேரம் ஒதுக்கியிருக்கிறோம். அங்குள்ள கிரந்தக் கல்வெட்டு, அதியர் மரபில் வந்த குணசீலன் என்பவனைச் சுட்டுகிறது. கோயிலை அதியேந்திர விஷ்ணு கிருகம் என்று அழைக்கிறது. அதியர் என்றதும் ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த நெடுமான் அஞ்சி நினைவுக்கு வராமல் இருக்குமா? பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்துப் பதிகத்தை இங்கே நினைவுகூர வேண்டும். பெருஞ்சேரல் இரும்பொறை அதியமானையும் இரு பெருவேந்தரையும் வென்றது கொல்லிக் கூற்றத்தில் என்கிறது அது. அதன் பின்னரே தகடூர் அழிந்தது. தோற்ற குடியின் பெயரைத் தாங்கிய ஒருவன், பல நூற்றாண்டுகள் கழித்து, அதே கொல்லியின் பார்வை படும் தூரத்தில் ஒரு பாறையைக் குடைந்து தன் மரபின் பெயரைப் பொறித்திருக்கிறான். குருதி வழியில் அவன் அஞ்சியின் நேர் வாரிசுதானா என்று நாங்கள் வாதாடப்போவதில்லை. அந்தப் பெயரை விட்டுவிட அவனுக்கு மனமில்லை, அது போதும்.

இனிக் கோட்டை. இருநூறு அடிக்குமேல் உயர்ந்த ஒற்றைப் பாறை; தென்மேற்கிலிருந்து செல்லும் குறுகிய படிகள்; உச்சியில் ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர் சமதளம். சுற்றிலும் மதில். ஒரு பழைய பெருமாள் கோயிலும் இஸ்லாமியர் வழிபாட்டிடமும் மேலே உண்டு. அரண்மனையை எதிர்பார்த்துச் செல்பவர் ஏமாறுவார். மதிலைப் பார்ப்பவர் ஏமாறமாட்டார். அடித்தளம் தோண்டாமல், வெட்டிய கற்பலகைகளைப் பாறைமேலேயே சாந்திட்டு நிறுத்தியிருக்கிறார்கள்; இன்றும் நிற்கின்றன. மதிலின் மேற்பகுதியிலுள்ள துளைகளில் மாணவரைக் கண்வைத்துப் பார்க்கச் சொல்வோம். அவை துப்பாக்கிக்கானவை. வில்லின் காலத்துக் கோட்டை இது அன்று என்பதை அவரே கண்டுகொள்வார். குடிநீருக்கு என்ன செய்தார்கள் என்பதையும் அவரையே கேட்கப்போகிறோம்.

யார் கட்டியது? ஆங்கிலேயர் காலக் குறிப்புகள் இரண்டு பெயர்களைத் தருகின்றன: இராமச்சந்திர நாயக்கர் ஒருவர், மைசூர் அரசின் அதிகாரி லட்சுமிநரசய்யா மற்றொருவர். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிக்கதேவராய உடையார் காலத்தில் சேலம் நாடு மைசூரின் பிடிக்குள் போனதை எண்ணினால், இரண்டாம் பெயரையும் எளிதில் தள்ளிவிட முடியாது. எங்கள் சாய்வு நாயக்கர் பக்கம். ஊர்ப்பற்று அதில் கலந்திருக்கலாம் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

திப்புவை மட்டும் விலக்கிவிடலாம். முதல் மைசூர்ப் போரில், 1768இல், கம்பெனிப் படை இக்கோட்டையைப் பிடித்தது. சில மாதங்களிலேயே ஹைதர் அலி மீட்டுக்கொண்டார். அவ்வாண்டில் திப்பு இருபது வயதை எட்டாத இளைஞர். அரசராவதற்கு இன்னும் பதினான்கு ஆண்டுகள் இருந்தன. பிடிபடுவதற்கு அப்போதே கோட்டை இருந்திருக்கிறதே! 1792 உடன்படிக்கையில் சேலம் நாட்டைக் கம்பெனியிடம் இழந்தவர் திப்பு என்பதால், அவர் பெயர் இப்பக்கத்துக் கோட்டைகளில் ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை.

சனிக்கிழமை பேளுக்குறிச்சியில் சந்தை நாள். மிளகு, சீரக மூட்டைகளுக்கு நடுவே பேருந்தில் இடம் பிடிப்பது ஆகாத காரியம் என்று மாணவரின் தாயார் சொல்லியனுப்பினார். ஞாயிறன்று ஆஞ்சநேயர் கோயிலில் கூட்டம் நெரியும். ஆகவே விடுமுறையில் ஒரு புதன்கிழமை. காலை ஆறு மணிக்குப் புறப்பாடு. தண்ணீர் ஆளுக்கு இரண்டு புட்டி, தொப்பி, கட்டுச்சோறு. புளிச்சோறு அந்த அம்மையார் தருவதாகச் சொல்லியிருக்கிறார், மறுக்கவில்லை. கட்டுரை எழுதிய பழைய மாணவி இன்று ஒரு பள்ளியில் ஆசிரியை. அவரையும் அழைத்திருக்கிறோம். ஆண்டு மலரின் ஒரு படியை எடுத்து வரும்படி சொல்லியிருக்கிறோம்.